கிடங்கில் ரேக்கும் அட்டியும்: சேமிப்புப் பாதுகாப்பு குறித்த முக்கியக் குறிப்புகள் (கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை)

சேமிப்புக் கிடங்கு என்ற பாடத்தைத் தொட்டதும் தேர்வர்கள் ஆண்டுகளையும் வண்டுகளின் பெயர்களையும் உருப்போடத் தொடங்கிவிடுகிறார்கள். எடை பற்றிய பக்கத்தைப் புரட்டுவோர் குறைவு. வண்டு தானியத்தைத் தின்னும். ஆளைக் கொல்வது எடை. கள்ளக்குறிச்சிக் கிடங்குகளில் மூட்டைகளைத் தரையிலிருந்து அட்டியாகப் போடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தனியார் கிடங்குகளில் இரும்பு ரேக் கூரையை எட்டுகிறது. இரண்டையும் ஆய்வு செய்யும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: அடிப்பகுதி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

மாவட்டம்: விரைவாக ஒரு பார்வை

• விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரிக்கும் அறிவிப்பு 2019 ஜனவரி 8 அன்று வந்தது. தொடக்க விழா 2019 நவம்பர் 26. தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டம். நான்கு நாள் முந்திய தென்காசி 33ஆவது. கேள்வியில் இவை இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது வழக்கம்.

• கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வடக்கில் சின்னக் கல்வராயன், தெற்கில் பெரிய கல்வராயன். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜாகிர் முறை இம்மலையில் 1976 வரை நீடித்தது.

• சேமிப்புக்கு வருபவை: சமவெளியில் நெல், மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி, மலையிலிருந்து சாமை, கடுக்காய், புளி. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய இரண்டு ஊர்களிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. சின்னசேலத்தில் இந்திய உணவுக் கழகக் கிடங்கு இருக்கிறது. விருத்தாசலம் – சேலம் ரயில் பாதை அவ்வூர் வழியாகத்தான் போகிறது.

• பழைய சேமிப்பு முறைக்கு எடுத்துக்காட்டு தொம்பை. மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கல் அல்லது மரக்கால்மேல் நிறுத்துவார்கள். ஈரம், எலி, கரையான் மூன்றையும் தரையோடு நிறுத்திவிடும் ஏற்பாடு இது. இன்றைய கிடங்கில் மூட்டைகளுக்கு அடியில் போடும் மரச்சட்டம் செய்வதும் இதே வேலைதான்.

ஆண்டுகள்: வரிசையாகப் படித்தால் குழப்பம் இல்லை

அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை 1954இல் வந்தது. விவசாயிக்குக் கடன் கிடைக்க வேண்டுமானால் விளைபொருளை வைக்கக் கிடங்கு வேண்டும் என்பது அதன் வாதம். அதன்பின் 1956இல் வேளாண் விளைபொருள் (மேம்பாடு மற்றும் கிடங்கு) கழகங்கள் சட்டம் வந்தது. மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகம் 1957 மார்ச் 2 அன்றும், தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958 மே 2 அன்றும் தொடங்கப்பட்டன. 1956 சட்டத்தின் இடத்துக்குக் கிடங்குக் கழகங்கள் சட்டம் 1962இல் வந்தது. "1962 சட்டப்படி இயங்கும் கழகம் 1957இல் எப்படி உருவானது?" என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

• இந்திய உணவுக் கழகம்: சட்டம் 1964, தொடக்கம் 1965 ஜனவரி 14, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். பொங்கலோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

• தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்: 1972.

• கிடங்கு (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2007. ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது 2010 அக்டோபர் 26. மாற்றத்தக்க கிடங்கு ரசீது இச்சட்டத்தின் கீழ் வருவது. அதன் மின்னணு வடிவம் 2017இல் தொடங்கியது.

• தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயிகள் விளைபொருளை இருப்பு வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை 180 நாளுக்குப் பொருளீட்டுக் கடன் பெறலாம். அந்த ஆறு மாதமும் மூட்டை நல்லபடியாக நின்றால்தான் கடனுக்கு ஈடு நிற்கும்.

அட்டி: நம் ஊர் முறை

• இந்திய உணவுக் கழகத்தின் வழக்கமான அட்டி அளவு 30 அடிக்கு 20 அடி. தரையில் வண்ணக் கோடு போட்டு இடத்தைக் குறித்துவிடுவார்கள். அட்டிக்கும் சுவருக்கும், அட்டிக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் போகும் இடைவெளி இருக்க வேண்டும். எண்ணிக்கை பார்க்க, மருந்து அடிக்க, சாய்வைக் கவனிக்க எல்லாவற்றுக்கும் அந்த வழிதான். சுவரில் முட்டுக்கொடுத்த அட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வெளியே தெரியாது.

• அடுக்கும் முறைகள் மூன்று: எளிய முறை, குறுக்கு நெடுக்கு முறை, கட்டு முறை. குறுக்கு நெடுக்கில் ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்தது அகலவாக்கிலும் வரும். மேல்மூட்டை கீழ்மூட்டைகளின் இணைப்பை மூடுவதால் அட்டி பிடிப்போடு நிற்கும்.

• சணல் சாக்கு சொரசொரப்பானது, ஒன்றையொன்று பற்றும். பிளாஸ்டிக் நெய்த பை வழுக்கும்; அதே உயரத்துக்கு அடுக்கினால் சரியும் வாய்ப்பு கூடுதல். சணல் பொதிப் பொருட்கள் (கட்டாயப் பயன்பாடு) சட்டம் 1987ஐச் சணல் விவசாயிகளின் நலன் என்ற தலைப்பில் மட்டும் படித்துவிட்டு விடுகிறோம். சுமைதூக்குவோரைக் கேட்டால் வேறு காரணமும் சொல்வார்கள். (அச்சட்டத்தின் கீழ் உணவுதானியத்துக்கு 100%, சர்க்கரைக்கு 20% சணல் பை என்ற ஒதுக்கீடு தேர்வுக்கு வரும்.)

• ஆய்வில் பார்க்க வேண்டியவை: அடிவரிசை மூட்டை கிழிந்து தானியம் கசிகிறதா, மரச்சட்டம் உளுத்திருக்கிறதா, அட்டியின் ஒரு மூலை இறங்கியிருக்கிறதா. அடியில் ஒரு மூட்டை காலியானால் அதன்மேல் உள்ள நெடுவரிசை முழுக்கத் தொங்கும். மூட்டையை மேலிருந்து படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். லாரி காத்திருக்கிறது என்று பக்கவாட்டில் உருவுவதுதான் பெரிய ஆபத்து.

• ஈரம்: கொள்முதலில் நெல்லுக்கு மத்திய அரசின் பொது வரம்பு 17 விழுக்காடு. நேரடிக் கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. கட்டைமேடை அமைத்து, மூடி வைக்கும் திறந்தவெளிச் சேமிப்பு நெல்லுக்கும் கோதுமைக்கும் உண்டு, அரிசிக்குக் கிடையாது.

• புகைமூட்டம்: 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 1 கிராம் பாஸ்பீன் வாயுவைத் தரும். வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது, செம்பை அரிக்கும். மின்கம்பி இணைப்புகளைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

ரேக்: மதிப்பெண் இங்கே இருக்கிறது

உறுப்புகள்: நிற்கும் தூண், தூண்களைப் பின்னும் குறுக்குக் கம்பி, பேலட்டை (சரக்குத் தட்டு) தாங்கும் பீம், தரையில் உட்காரும் பேஸ் பிளேட், அதைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட், பீம் கழன்றுவிடாமல் தடுக்கும் லாக் பின். இவற்றில் மிக மலிவானது லாக் பின். அதிகம் தொலைந்துபோவதும் அதுதான். ஃபோர்க்லிஃப்ட் மேலே தூக்கும்போது பீமின் அடியில் முட்டினால் பீம் கொக்கி விட்டுக் கிளம்பும். பின் இருந்தால் தடுக்கும்.

ஆய்வுக்கு உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் நெறி ஐரோப்பியத் தரம் இ.என். 15635. அளக்கும் முறை எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான இரும்புச் சட்டத்தை, தூணில் பள்ளம் விழுந்த பக்கத்தில் செங்குத்தாக வைக்க வேண்டும். சட்டத்தின் நடுவில் தூணுக்கும் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும்.

• பீம் ஓடும் திசையில் தூண் வளைவு: வரம்பு 5 மி.மீ.
• ரேக்கின் ஆழத் திசையில்: 3 மி.மீ.
• குறுக்குக் கம்பிக்கு, எத்திசையிலும்: 10 மி.மீ.

வரம்புக்குள் இருந்தால் பச்சை: பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்கலாம். வரம்பைத் தாண்டி அதன் இரு மடங்குக்குள் இருந்தால் மஞ்சள்: உள்ள சரக்கை உடனே இறக்க வேண்டியதில்லை, ஆனால் இறக்கியபின் பழுது பார்க்காமல் மீண்டும் ஏற்றக் கூடாது. நான்கு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் அது சிவப்பாகிவிடும். இரு மடங்கைத் தாண்டினால் சிவப்பு: அப்போதே காலி செய்து, தடுப்புக் கட்ட வேண்டும்.

இப்போது கணக்கு. முழங்கால் உயரத்தில் தூணில் 4 மி.மீ. வளைவு, நிறம் என்ன? திசை சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பீம் திசையில் என்றால் பச்சை, ஆழத் திசையில் என்றால் மஞ்சள். 8 மி.மீ. என்றால் முன்னதில் மஞ்சள், பின்னதில் சிவப்பு. கேள்வித்தாள் தயாரிப்பவர் நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

• பீமின் தொய்வு நீளத்தில் 200இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2.7 மீட்டர் பீமுக்கு 13.5 மி.மீ. சரக்கை இறக்கியதும் பீம் நிமிர வேண்டும்; நிமிராவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது.

• ஆய்வு மூன்று படி: சேதத்தைக் கண்டவர் யாராயினும் உடனே சொல்வது, பொறுப்பாளர் வாரந்தோறும் பார்ப்பது, வல்லுநர் 12 மாதத்துக்குள் ஒருமுறை பார்ப்பது. முதல் படிதான் நடைமுறையில் தோற்கிறது. இடித்த ஓட்டுநர் சம்பளப் பிடித்தத்துக்குப் பயந்து வாயைத் திறக்கமாட்டார். சொன்னவருக்குத் தண்டனை உள்ள கிடங்கில் வாராந்திர ஆய்வேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம்ப வேண்டியதில்லை.

• கீழ்ப் பீமை ஏற்றி மாட்டுவது அல்லது கழற்றிவிடுவது வெளித்தோற்றத்தில் சாதாரண மாற்றம். பேலட் பெரிதாக இருக்கிறது, இடம் வேண்டும் என்று செய்வார்கள். ஆனால் தூணின் பிடிப்பில்லாத நீளம் கூடிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டுச் சுவிஸ் அறிஞர் லியோனார்டு ஆய்லரின் சூத்திரப்படி, மெல்லிய தூண் வளைந்து ஒடியும் சுமை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை நான்கில் ஒன்று. எனவே பீம் உயரத்தை மாற்றினால், தாங்கும் சுமையைக் குறிக்கும் பலகையையும் மாற்றி எழுத வேண்டும்.

• வளைந்த தூணைச் சுத்தியால் தட்டி நேராக்குவது, வெல்டிங் வைப்பது இரண்டும் தயாரிப்பாளர் ஒப்புதல் இன்றிக் கூடாது. அந்தத் துண்டை மாற்றுவதே முறை.

• உரக்கடை, கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளில் காணும் ஆங்கிள் ரேக்குக்கும் இதே பார்வை பொருந்தும்: கனமானது கீழே, போல்ட் முழு எண்ணிக்கையில், பின்புறம் குறுக்குப் பட்டை. பட்டை இல்லாத ரேக் நாலு காலில் நின்றாலும் பக்கவாட்டில் மடங்கும்.

விபத்துகள்

• 2016 மே, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்: பாலாடைக்கட்டி அடுக்கிய ரேக்குகள் வரிசையாகச் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சுமார் எட்டு மணி நேரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்.

• 2020 அக்டோபர், பிரேசிலின் சாவோ லூயிஸ்: மொத்த விற்பனைக் கடையில் ரேக்குகள் ஒன்றையொன்று தள்ளி விழுந்தன, ஊழியர் ஒருவர் இறந்தார். ஒரு தூண் போனால் அந்த வரிசையே போகும் என்பதற்கு இரண்டும் சான்று.

• 2023 டிசம்பர் 4, கர்நாடகத்தின் விஜயபுரா: தனியார் மக்காச்சோளச் சேமிப்புக் கட்டமைப்பு சரிந்து, பிகாரிலிருந்து வேலைக்கு வந்திருந்த 7 தொழிலாளர்கள் சோளத்தில் புதைந்து இறந்தனர். மக்காச்சோளம் கள்ளக்குறிச்சியின் முக்கியப் பயிர் என்பதால் நமக்கு மிக அருகில் உள்ள பாடம் இது.

• 2021 அக்டோபர் 26, நம் மாவட்டத்தின் சங்கராபுரம்: தீபாவளிக்குச் சில நாள் முன்பு பட்டாசுக் கடையில் தீ, உயிரிழப்பு. சேமிப்புப் பாதுகாப்பில் எடைக்கு அடுத்தது தீ.

சட்டம்

• தொழிற்சாலைகள் சட்டம் 1948: பிரிவு 7ஏ (1987 திருத்தம், போபால் விஷவாயு விபத்துக்குப் பின்) சேமிப்பையும் கையாளுதலையும் உரிமையாளர் பொறுப்பில் வைத்தது. பிரிவு 34 அதிக எடை பற்றியது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைகள் தொகுப்புச் சட்டம் 2020 இப்போது அந்த இடத்துக்கு வந்துள்ளது. நடைமுறைக்கு வந்த நாள் 2025 நவம்பர் 21.

• தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982: சுமைதூக்குவோர் நலவாரியத்துக்கு அடிப்படை.

• பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 127ஆம் உடன்படிக்கை 1967இல் நிறைவேறியது. அதனோடு வந்த 128ஆம் பரிந்துரை, ஆண் தொழிலாளி கையால் தூக்கும் எடைக்கு 55 கிலோ என்ற வரம்பைச் சொல்கிறது. ஜவ்வரிசிக்கு விலை பேசுவது 90 கிலோ மூட்டைக் கணக்கில், மக்காச்சோளத்துக்கு 100 கிலோ கணக்கில். இந்த இரண்டு எண்களையும் 55க்கு அருகே எழுதிப் பாருங்கள்.

• தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016: சேமிப்புக் கட்டடங்கள் எச் பிரிவு, அபாயகரமானவை ஜே பிரிவு. நடுவில் ஐ என்ற பிரிவு கிடையாது. எழுத்துகளை எண்ணிக் குறிப்பவர்கள் இங்கே தவறுவார்கள்.

பயிற்சிக்கு

1. 3.6 மீட்டர் பீமின் தொய்வு வரம்பு? – 18 மி.மீ.
2. குறுக்குக் கம்பியில் 22 மி.மீ. வளைவு? – சிவப்பு.
3. மஞ்சள் எத்தனை வாரத்தில் சிவப்பாகும்? – நான்கு.
4. 1957, 1958, 1965, 1972: பொருத்துக. – மத்திய கிடங்குக் கழகம், தமிழ்நாடு கிடங்கு நிறுவனம், உணவுக் கழகம், நுகர்பொருள் வாணிபக் கழகம்.