குவில்ட் கலையும் பெண்கள் வரலாறும்



வரலாற்று மூலாதாரங்கள் என்றதும் கல்வெட்டு, நாணயம், ஏட்டுச்சுவடி என்பவற்றையே நீங்கள் பெரும்பாலும் எழுதுவீர்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எவ்வாறு அறிவது? அவர்கள் கையால் ஆக்கிய பொருள்களும் மூலாதாரங்களே. ஐக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட் போர்வைகள் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

1. குவில்ட் எனப்படுவது யாது?

மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று படைகளையும் சேர்த்துத் தைத்த போர்வையே குவில்ட் ஆகும். மேல்துணி இரு முறைகளில் ஆக்கப்படும்.

அ. துண்டிணைப்பு – துணித்துண்டுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தித் தைத்தல்.
ஆ. அப்ளிக்கே – உருவங்களாக வெட்டிய துணியை வேறொரு துணியின் மேல் வைத்துத் தைத்தல்.

2. ஹரியட் பவர்ஸ் (1837 – 1910)

இவர் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தென்மாநிலங்கள் பல சட்டத்தால் தடைசெய்திருந்த காலம் அது. இவர் அப்ளிக்கே முறையில் வேதாகமக் கதைகளைத் துணியில் அமைத்தார். 1886 இல் ஏதென்ஸ் நகரக் கண்காட்சியில் இவரது குவில்ட்டைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜெனி ஸ்மித் அதனை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் மறுத்துவிட்டார். பின்னர் வறுமை காரணமாக 10 டொலர் கேட்டு, 5 டொலருக்கே விற்க நேர்ந்தது. எனினும் ஒவ்வொரு படத்தின் பொருளையும் அவர் விளக்கிக் கூற, ஸ்மித் அதனை எழுதிவைத்தார். அதனாலேயே ஆக்கியவரின் விளக்கத்தை இன்றும் நாம் அறிகிறோம்.

இவரது இரு குவில்ட்டுகளே எஞ்சியுள்ளன. ஒன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும் மற்றையது பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலும் உள்ளன. இரண்டாவதில் 1833 இல் நிகழ்ந்த விண்கல் மழையும் காட்டப்பட்டுள்ளது. எனவே அது மக்கள் நினைவின் பதிவுமாகும்.

3. ஜீஸ் பென்ட் பெண்கள்

அலபாமா மாநிலத்தின் இக்கிராமத்துப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தனர். 1966 இல் இப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்து, குவில்ட் விற்று வருமானம் பெற்றனர். 2002 இல் ஹியூஸ்டன் நுண்கலை நூதனசாலை இவர்களது குவில்ட்டுகளைக் காட்சிப்படுத்தியது. 2006 இல் இவை அமெரிக்க முத்திரைகளிலும் இடம்பெற்றன.

4. முக்கியத்துவம்

• கலை: நிறம், வடிவம், சமநிலை பற்றிய சுயமான தெரிவு.
• வரலாறு: ஏடுகளில் இடம்பெறாத வாழ்வின் சான்று.
• பொருளாதாரம்: பெண்களின் சொந்த வருமானம்.
• சமூகம்: தாயிடமிருந்து மகளுக்குக் கையளிக்கப்பட்ட அறிவு.

மாதிரி வினா

“குவில்ட் பயன்பாட்டுப் பொருள் மட்டுமன்று.” இக்கூற்றை இரு உதாரணங்களால் விளக்குக.

விடைக் குறிப்பு: பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பவர்ஸ் முதலில் விற்க மறுத்தமை எதனைக் காட்டுகிறது? 5 டொலர் விலை எதனைக் காட்டுகிறது? முதலாவது தன் ஆக்கத்தை அவர் மதித்தமையையும், இரண்டாவது அவரது வறிய நிலையையும் உணர்த்தும். இவ்வாறு சான்றிலிருந்து கருத்தைப் பெற்று எழுதுவதே சிறந்த விடையாகும்.