கடைசியில் பூட்டும் கம்பி

மானிப்பாய்

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய படங்களும் கிடைத்தன. உன் அப்பாவின் மொறிஸ் மைனர், இத்தனை காலம் கிடந்த கிடுகுக் கொட்டிலை விட்டு வெளியே வந்து, துருவேறிய தகடுகள் மாற்றப்பெற்று, தன் பழைய சாம்பல் நிறத்தை மீண்டும் பூண்டு நிற்பதைக் கண்டபோது என் மனம் நிறைந்தது. ஆயினும், எஞ்சின் அறையைக் காட்டும் படத்தில் பற்றரியின் தலைமாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கம்பிகளைப் பார்த்த பின்னர், மகிழ்ச்சியை மாத்திரம் எழுதிக் கடிதத்தை முடித்துவிட என்னால் இயலவில்லை.

ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியில் 1948ஆம் ஆண்டு முதல் உற்பத்தியான இந்தக் காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் மேதை. 1956இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்த வகையைச் சேர்ந்தது உங்களுடைய கார். அதன் மின்னமைப்பு மிக எளியது: ஒரு பற்றரி, ஒரு டைனமோ, அதனை அடக்கியாளும் ஒரு பெட்டி, இரண்டே இரண்டு பியூஸ், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் கம்பிகள். இவ்வளவு எளிதாக அமைந்த ஒன்று இவ்வளவு சிக்கலாகத் தோன்றுமாயின், அந்தச் சிக்கல் பின்வந்த கைகள், அவசரத்தில் ஒன்றும் அலட்சியத்தில் ஒன்றுமாகச் சேர்த்தது என்பதை நீ முதலில் உணரவேண்டும். ஆகையால், புதிதாக எதையும் கூட்டுவதற்கு முன் வேண்டாததைக் கழிப்பதே உன் முதற்காரியம்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் ஆழப் பதித்துக்கொள். இக்காலக் கார்களில் பற்றரியின் மறைமுனை உடற்தகட்டோடு இணைந்திருக்கும். மைனரிலோ நேர்முனையே தகட்டோடு இணைந்திருக்கிறது. ‘மறைக் கம்பியை முதலில் கழற்று’ என்று இன்றைய மெக்கானிக்குகள் சொல்லும் விதியை இந்தக் காரில் அப்படியே பின்பற்றினால் அபாயம் நேரும். உயிருள்ள முனையை நீ திருகும்போது ஸ்பானரின் மறுநுனி தகட்டில் பட்டால், பற்றரியின் முழுவலிமையும் அந்த இரும்புத் துண்டின் வழியே பாய்ந்து, இரும்பைச் சிவக்கச் செய்யும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு அருகில் இருந்தால் அது வெடிக்கவும் கூடும். ஆதலால், முனையின் பெயரை மறந்து, அதன் தொழிலை நினை: தகட்டோடு சேர்ந்த ஏர்த் கம்பி எதுவோ அதுவே முதலில் கழலவேண்டும், அதுவே கடைசியில் பூட்டப்படவேண்டும்.

அந்த ஏர்த் கம்பியைப் பற்றியே இன்னும் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எல்லோரும் அலட்சியம் செய்வதும் அதனைத்தான். பற்றரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் விளக்கிலோ மோட்டரிலோ தன் காரியத்தை முடித்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். போகும் வழியை மாத்திரம் செப்பனிட்டுத் திரும்பும் வழியைத் துருவுக்கு விட்டுவைத்தால், செய்த பிரயாசை முழுவதும் வீணாகும். ஸ்டாட்டர் மோட்டர் இருநூறு அம்பியர் இழுக்கிறதென்று வைத்துக்கொள். துருவும் வர்ணமும் சேர்ந்து ஏர்த் இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கினால், பன்னிரண்டு வோல்ற்றில் இரண்டு வோல்ற்று அந்த இணைப்பிலேயே வெந்து போகிறது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் றப்பரின்மேல் அமர்ந்திருப்பதால், அவற்றைத் தகட்டோடு இணைக்கும் தனிப்பட்டை அறுந்துபோனாலோ இன்னும் மோசம்: மின்சாரம் சோக் கம்பியைத் தன் வழியாகக் கொள்ளும், அந்த மெல்லிய கம்பி அடுப்புக் கம்பிபோலச் சிவந்துவிடும். நீ புதிதாகப் பூசிய அழகிய வர்ணம் மின்சாரத்துக்கு ஒரு சுவர் என்பதை மறவாதே. ஏர்த் பூட்டும் இடத்தில் மாத்திரம் அதனை அரத்தாளால் சுரண்டி, வெறுந்தகடு பளிச்சிடும்வரை துலக்கி, இறுகப் பூட்டிய பின்னர் வஸலீன் தடவு.

என் இளவயதில் நான் கண்ட ஒரு காட்சி இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒரு கராஜில் திருத்தி எடுத்த காரில் நானும் நண்பன் ஒருவனும் பயணம் செய்தோம். எஞ்சின் அறைக்கும் ஆசனங்களுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரைக் கடந்துவந்த ஒரு தடித்த கம்பிக்கு, அந்தத் துளையில் இடவேண்டிய றப்பர் வளையத்தை இடாமல் விட்டிருந்தார்கள். குலுக்கலில் தகட்டின் விளிம்பு கம்பியின் மேலுறையை நாளுக்கு நாள் அறுத்து, அன்று செம்பைத் தொட்டது. புகை எழுந்ததும் நாங்கள் குதித்துத் தப்பினோம், கார் தப்பவில்லை. அந்தக் கம்பி எந்தப் பியூஸின் வழியாகவும் செல்லாதது. மைனரிலும் தலைவிளக்குகளுக்குச் செல்லும் கம்பிக்குப் பியூஸ் இல்லை. பழைமையைக் காக்கவேண்டும் என்னும் உன் ஆசையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கம்பிக்கு ஒரு பியூஸைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்ப்பது பழைமைக்கு இழுக்கன்று.

இனி வேலையின் கிரமத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பியையேனும் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் சிறு துண்டுக் கடதாசி கட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுது. பின் ஒரு தாளில் பென்சிலால் படம் வரை. லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறை உனக்கு வழிகாட்டும்: மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது, பச்சை அதற்கும் அப்பால் பியூஸைக் கடந்தது, நீலம் தலைவிளக்கு, சிவப்பு சிறுவிளக்கு, கறுப்பு ஏர்த். புதுக் கம்பி இடும்போது இந்த நிறங்களை மாற்றாதே. கையில் கிடைத்தது சிவப்பு என்பதற்காக எல்லாவற்றுக்கும் சிவப்பை இட்டவனுடைய பிழையைத்தான் நீ இன்று அவிழ்த்துக்கொண்டிருக்கிறாய். கம்பியின் பருமனையும் குறைக்காதே. பற்றரித் தட்டில் வெண்பச்சையாகப் பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி உலர்த்து. பற்றரியை அதன் சட்டத்தால் அசையாதபடி பூட்டு. புதுப் பற்றரி வாங்கும்போது முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்து வாங்கு. எட்டாத கம்பியை இழுத்துப் பூட்டினால், அது நாளைய அறுந்த கம்பி.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று நீ கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில், போரின் காரணமாகப் பற்றரிகள் இங்கே வடக்குக்கு வரத் தடைசெய்யப்பட்டிருந்த அந்த நாட்களில், நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஓர் இரவு, பிரசவ வேதனையில் இருந்த அயல்வீட்டுப் பெண்ணை ஏற்றிச்செல்ல உன் அப்பாவின் கார் வேண்டியிருந்தது. அப்பா ஊரில் இல்லை, கார் கிளம்பவில்லை. அந்தக் காரை முன்பின் தொட்டறியாத ஒரு மெக்கானிக் வந்து, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு கம்பியும் அதனதன் நிறத்தில், அதனதன் இடத்தில் இருந்தபடியால், கழன்றிருந்த வெள்ளைக் கம்பியைச் சில நிமிடத்தில் கண்டு பூட்டினார். கைப்பிடியைச் சுழற்ற எஞ்சின் பேசியது. உன் அப்பா காட்டிய ஒழுங்கு தமக்காக அன்று. தாம் காணாத ஒருவர் இருளில் வந்து தொடும்போது தடுமாறக்கூடாது என்பதற்காக. கம்பியை ஒழுங்குசெய்வது முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதை என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

எல்லாம் முடிந்து, ஏர்த் கம்பியைக் கடைசியாகப் பூட்டுமுன், அந்தக் கம்பிக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையே பன்னிரண்டு வோல்ற்று பல்பு ஒன்றைப் பிடித்துப் பார். சாவி மூடியிருக்க, கதவுகள் சாத்தியிருக்க, பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது; பூட்டாதே, மறுபடியும் தேடு. எரியாமல் இருண்டிருந்தால் ஏர்த்தைப் பூட்டு. பிறகு கொயிலின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டாட்டரைச் சுழற்றி, பற்றரியின் நேர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ற்றுமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள். கால் வோல்ற்றுக்கு மேல் போகலாகாது. அந்த எண்ணை எனக்கு எழுது. காரின் படத்தைவிட அதற்காகவே நான் காத்திருப்பேன்.

உன் அன்பு மாமன்