நாடாளுமன்ற நிலைக்குழு: உழவர் படிக்க வேண்டிய பாடம்

திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நமக்கெல்லாம் பழக்கம். மனு எழுதத் தெரியும். மைக் பிடித்துப் பேசத் தெரியும். அதிகாரி மழுப்பினால் மடக்கவும் தெரியும். ஏரி வாய்க்கால் ஆக்கிரமிப்பு, கரும்பு நிலுவை, நெல் கொள்முதல், மல்லாட்டையைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றி, இதெல்லாம் அங்கே பேசித் தீரும். தீராவிட்டால் அடுத்த மாதமும் பேசுவோம்.

ஆனால் எந்த விதையை நாட்டுக்குள் விடலாம், எந்தப் பூச்சிக்கொல்லியைத் தடை செய்யலாம் என்பதை ஆட்சியர் முடிவு செய்வதில்லை. அது டெல்லியில் முடிவாகிறது. அங்கேயும் அரசை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலபேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் நாடாளுமன்றம் கூச்சலும் வெளிநடப்பும்தான். நிதானமான வேலை நடப்பது துறைவாரியான நிலைக்குழுக்களில். 1989-ல் முதன்முதலாக மூன்று குழுக்கள் அமைத்தார்கள். வேளாண்மைக்கு ஒன்று, அறிவியல் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழல் வனத்துக்கு ஒன்று. 1993-ல் அது 17 குழுக்களாக விரிந்தது, இப்போது 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31. எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். அமைச்சர் மட்டும் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கலாம், கோப்பைக் கேட்கலாம். கேமரா இல்லாத அறை என்பதால் உறுப்பினர்கள் கட்சித் துண்டைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இதனால் நமக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், கத்தரிக்காய்க் கதையைச் சொல்ல வேண்டும்.

2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைவு தந்தது. (பிறகு இதன் பெயரை ‘மதிப்பீட்டுக் குழு’ என்று மாற்றினார்கள். பெயரிலேயே ஒப்புதலை வைத்துக்கொண்டு என்னத்தைச் சோதிப்பது!) மகிகோ நிறுவனத்தோடு நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் பங்காளி. கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்று நாம் போட்டுப் பழகிய ரகங்களுக்குள்ளேயே அந்த மரபணுவை ஏற்றியிருந்தார்கள். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகப் பேசிய காலம் அது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அனுமதியை நிறுத்தி வைத்தார். கவனியுங்கள், நிறுத்தி வைத்தார், ரத்து செய்யவில்லை. ஓர் அமைச்சர் நிறுத்தியதை இன்னோர் அமைச்சர் வந்து திறந்துவிட முடியும்.

இந்த இடத்தில்தான் வேளாண்மை நிலைக்குழு வருகிறது. தலைவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பாசுதேவ் ஆச்சார்யா. குழுவில் ஆளுங்கட்சிக்காரர்களும் இருந்தார்கள். மரபணு மாற்ற உணவுப் பயிர்கள் தேவையா, அவற்றின் விளைவு என்ன என்பதைக் குழு ஆய்வுக்கு எடுத்தது. 467 மனுக்கள் வந்தன. அவற்றில் பலவற்றில் நூற்றுக்கணக்கானோர், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்து. 50 தனிநபர்களும் அமைப்புகளும் சாட்சியம் சொன்னார்கள், அதைக் கேட்க 27 அமர்வுகள். 2012 மார்ச்சில் விதர்பாவின் யவத்மால் மாவட்டக் கிராமங்களுக்கே போய், பி.டி. பருத்தி போட்ட குடும்பங்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். செலவு ஏறியது, கடன் ஏறியது, மானாவாரிக்காரனுக்குச் சொன்ன லாபம் வரவில்லை என்று அந்தச் சனங்கள் சொன்னது அப்படியே குழுவின் காதுக்குப் போனது.

2012 ஆகஸ்ட் 9-ல் 37-ஆவது அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. ஒருமனதான அறிக்கை. மரபணு மாற்றப் பயிர்களின் வயல்வெளிச் சோதனைகளை எந்தப் பெயரிலும் நடத்தாதே, ஆராய்ச்சி என்றால் அடைத்த கூடத்துக்குள் செய். பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் கிடைத்த விதத்தை ஆரம்பத்திலிருந்து விசாரி. இவைதான் அதன் முக்கியமான பரிந்துரைகள். இதையெல்லாம் நாமும் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் நாம் சொன்னால் ‘அறிவியல் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்குவார்கள். நாடாளுமன்றக் குழுவே பதிவு செய்த பிறகு அப்படி ஒதுக்க முடியவில்லை.

சரி, அரசு கேட்டதா? முழுசாகக் கேட்கவில்லை. 2014-ல் வயல்வெளிச் சோதனைகளுக்கு மறுபடி வழி திறந்தார்கள். நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, அறிவுரை மட்டும்தான். அதனால்தான் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா’ என்று நம் ஆட்களே கேலி பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்து வங்கதேசம் 2013-லேயே பி.டி. கத்தரிக்கு அனுமதி தந்துவிட்டது. இங்கே அந்த 2010 நிறுத்தம் இன்னும் நிற்கிறது. வெறும் ஓர் அமைச்சரின் கையெழுத்தாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு நாள் நின்றிருக்குமா?

இன்னொரு சேதி. ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்த திட்டத்தை, சுகாதார நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. அந்த அறிக்கையை வழக்கில் காட்டலாமா கூடாதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. 2018 மே 9-ல் தீர்ப்பு: நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம், அறிக்கையின் செல்லுந்தன்மையை மட்டும் அங்கே எதிர்த்து வழக்காட முடியாது. ஆக, நாம் குழுவுக்குச் சொல்வது அறிக்கைக்குள் ஏறிவிட்டால், நாளைக்கு ஒரு வழக்கறிஞரின் கையில் அது ஆவணம்.

எல்லாம் இனிப்பு இல்லை. பள்ளிக்கூட விஷயத்தைப் பாருங்கள். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது சரியில்லை என்ற நியாயத்தை, திக்விஜய் சிங் தலைமையிலான கல்வி நிலைக்குழு 2025 மார்ச்சில் சொன்னது. பணம் வரவில்லை. மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இதைவிட மோசம், குழுவுக்கே அனுப்பாமல் விடுவது. 2009-14 மக்களவையில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களுக்குப் போயின. 2019-24-ல் 16 விழுக்காடு. மூன்று வேளாண் சட்டங்களும் எந்தக் குழுவையும் பார்க்கவில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அவற்றில் இரண்டைக் குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். அறைக்குள் கேட்க வேண்டிய கேள்வியை உழவர்கள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து கேட்க வேண்டி வந்தது. 2021 நவம்பர் 29-ல் திரும்பப் பெற்றார்கள், அதையும் விவாதம் இல்லாமலேயே.

இப்போது நெல்லுக்கு வருவோம். ஆரணி அரிசி ஆலைகளுக்குப் போகிற பி.பி.டி. நெல் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், பி.பி.டி. 5204, சம்பா மசூரி. அதில் மரபணுத் திருத்தம் செய்து ‘கமலா’ என்ற ரகத்தை ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. 2025 மே 4 அன்று ஒன்றிய வேளாண் அமைச்சர் அதை வெளியிட்டார். கத்தரிக்கு நடந்த மாதிரி ஏழு ஊர்க் கூட்டம் ஏதும் இல்லை. காரணம், 2022 மார்ச் 30-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விட்ட ஓர் அலுவலகக் குறிப்பாணை. வெளி மரபணு நுழைக்காத சில வகைத் திருத்தங்களுக்கு 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலானவை பொருந்தாது என்று அது விலக்கு தந்துவிட்டது. அப்படி விலக்கு தர விதியிலேயே இடமிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விதியையே திருத்தினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி இரு அவைகளிலும் வைக்க வேண்டும். குறிப்பாணைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சூட்சுமம் அங்கேதான். திருத்தமும் மாற்றமும் ஒன்றல்ல என்கிறார்கள் விஞ்ஞானிகள். இருக்கட்டும், அதையும் குழு முன்னால் வந்து சொல்லட்டுமே.

நாம் செய்யக்கூடியது இவ்வளவு. குழு ஒரு பொருளை ஆய்வுக்கு எடுக்கும்போது பல சமயம் நாளிதழில் விளம்பரம் கொடுத்து மனு கேட்கும். பொதுவாக ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். நம் வரியில் நடக்கிற நாடாளுமன்றம் நம் மொழியில் மனு வாங்காதது பெரிய அநியாயம். அதுவரைக்கும் மனுவைத் தமிழில் எழுதி, படித்த பிள்ளைகளை வைத்து ஆங்கிலமாக்கி, இரண்டையும் சேர்த்து அனுப்புவோம். புலம்பலைவிடக் கணக்கு பேசும். எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர், விதைக்கும் மருந்துக்கும் என்ன செலவு, என்ன விளைச்சல் என்று உங்கள் வயலிலிருந்து எழுதுங்கள்.

அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வைத்துக் குழு ‘நடவடிக்கை அறிக்கை’ ஒன்று போடும். அதில் நான்காம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அரசின் எந்தெந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். போராட்டத் துண்டறிக்கைக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் கிடைக்கும்.

குழுவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசிக்காரர்கள் ஆரணித் தொகுதி உறுப்பினரிடமும், திருவண்ணாமலை, செங்கம், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் திருவண்ணாமலைத் தொகுதி உறுப்பினரிடமும் போகலாம். உறுப்பினர் 15 நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் அறிவித்த வாரமே போய்விடுங்கள். மக்களவையில் ஒருநாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்வி, எழுத்துப் பதிலுக்கு 230. வாய்மொழிக் கேள்வி என்றால் துணைக் கேள்வி கேட்கலாம், ஆனால் குலுக்கலில் விழ வேண்டும். எழுத்துப் பதில் கிடைத்தாலும் நமக்குப் போதும். இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

‘மரபணுத் திருத்தம் செய்த நெல் ரகங்களுக்கு உயிரியல் பாதுகாப்புச் சோதனை என்னென்ன நடந்தது? அதன் முழு முடிவுகள் எங்கே வெளியிடப்பட்டுள்ளன? அந்த விதைக்கும் தொழில்நுட்பத்துக்கும் காப்புரிமை யாரிடம் உள்ளது? உழவர் அந்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாமா? பக்கத்து வயலில் இயற்கைச் சான்று பெற்ற நெல் இருந்தால் என்ன பாதுகாப்பு?’