புயலுக்குப் பின் வீட்டுக் காப்பீடு: கேட்டுப் பெறுவது எப்படி?

அக்டோபர் பிறந்தால் கடலோர மாவட்டங்களில் ஒரு கண் வானத்தின் மேலேயே இருக்கும். 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2017-இல் ஒக்கி, 2018-இல் கஜா, 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல் என்று வடகிழக்குப் பருவமழைக் காலம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள் ஏராளம். முன்னெச்சரிக்கையில் நாம் நன்றாகவே தேறியிருக்கிறோம். ஆனால் புயல் போன பிறகு வீட்டை நிமிர்த்தும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, பலரிடம் இன்னும் பதில் இல்லை.

அரசு நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிவாரணம் உடனடித் தேவைக்கான உதவி. மிக்ஜாம் புயலின்போது பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைதாரர்களுக்கு ₹6,000 வழங்கப்பட்டது. பாதிப்பை அதிகாரிகள் கணக்கெடுத்து, அரசே அறிவித்துத் தருகிறது. காப்பீடு என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும், காட்ட வேண்டும், கேட்க வேண்டும். அதற்கான ஆதாரம் முழுவதையும் உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே திரட்டிவிடலாம்.

வீட்டுக் காப்பீட்டில் என்ன கிடைக்கும்?

2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதை ஒரே மாதிரியான விதிமுறைகளோடு வழங்குகின்றன. புயல், வெள்ளம், இடி மின்னல், நிலச்சரிவு, நிலநடுக்கம், தீ எல்லாம் இதில் அடங்கும். பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மரம் முறிந்து உங்கள் கூரை மேல் விழுந்தாலும் சேரும். இப்படிப்பட்ட நிகழ்வு நடந்த 7 நாட்களுக்குள், அதைத் தொடர்ந்து வீட்டில் திருட்டு நடந்தாலும் கேட்கலாம்.

‘வீடு’ என்பது நான்கு சுவர் மட்டுமல்ல. சுற்றுச்சுவர், கேட், போர்டிகோ, தண்ணீர்த் தொட்டி, மாடியில் உள்ள சோலார் தகடு ஆகியவையும் கட்டடக் கணக்கில் வரும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. வீட்டின் சந்தை விலைக்கு எடுக்க வேண்டியதில்லை. நிலத்தைப் புயல் கொண்டுபோகாது. எனவே நிலத்தின் விலை கணக்கில் வராது. வீட்டின் உள்பரப்பையும் இன்றைய கட்டுமானச் செலவையும் பெருக்கினால் போதும். உதாரணமாக 800 சதுர அடி, சதுர அடிக்கு ₹2,000 என்றால் ₹16 லட்சம். கட்டடம், வீட்டுப் பொருட்கள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் (அதிகபட்சம் ₹10 லட்சம்) பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். இந்த உதாரணத்தில் அது ₹3.20 லட்சம். அதற்குப் பொருள் பட்டியல்கூடத் தர வேண்டாம்.

எதெல்லாம் கிடைக்காது?

* ரொக்கப் பணம், பத்திரம், ஆவணங்கள்.
* கார், பைக். இவற்றுக்கு வாகனக் காப்பீடுதான். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதனால் இன்ஜின் கெட்டால் அந்தக் கிளைமும் சிக்கலாகிவிடும்.
* நகை போன்ற விலை உயர்ந்த பொருட்கள். இவற்றுக்குத் தனியாகக் கேட்டு, கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும்.
* மின்னழுத்தக் கோளாறாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ எரிந்துபோன அந்தக் குறிப்பிட்ட மின்சாதனம். வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜுக்குக் கேட்கலாம். கரண்ட் திரும்பி வரும்போது எகிறி எரிந்த ஃபிரிட்ஜுக்குக் கேட்க முடியாது. அதனால் புயலுக்கு முன்பே எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.
* பல வருடமாக இருக்கும் நீர்க்கசிவு, கறையான் அரிப்பு, பராமரிப்பு இல்லாததால் வந்த விரிசல்.

புயலுக்கு முன்: 15 நிமிட வேலை

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், செல்போனில் வீட்டை வீடியோ எடுங்கள். வாசலில் கதவு எண் தெரியும்படி ஆரம்பித்து, ஒவ்வொரு அறையாக, சுவர், கூரை, ஜன்னல் என்று நிதானமாகச் செல்லுங்கள். மொட்டை மாடியையும் சுற்றுச்சுவரையும் விட்டுவிடாதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இவற்றின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் தனியாகப் படம் எடுங்கள். பில் இருந்தால் அதையும் எடுங்கள். ‘இந்த விரிசல் முன்பே இருந்தது’ என்று யாராவது சொன்னால், இந்த வீடியோதான் உங்களுக்காகப் பேசும்.

போனே நனைந்துபோனால்? அதனால் இணையச் சேமிப்பில் ஒரு பிரதி வையுங்கள். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கலாம். ஆனால் படமாக அனுப்பினால் தரம் குறையும்; எடுத்த தேதி, நேர விவரமும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். பாலிசி எண், நிறுவனத்தின் கட்டணமில்லா எண் இரண்டையும் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

புயல் அன்று

போனும் பவர் பேங்கும் முழு சார்ஜில் இருக்கட்டும். ‘டிஎன் அலர்ட்’ செயலியில் வரும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. நிவாரண முகாமுக்குப் போகச் சொன்னால், பொருட்களைக் காவல் காக்கிறேன் என்று தங்கிவிட வேண்டாம். பொருளுக்குக் காப்பீடு உண்டு, உயிருக்கு மாற்று இல்லை. காற்று திடீரென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் பலமாக அடிக்கும்.

புயலுக்குப் பின்: வரிசை முக்கியம்

1. முதலில் பாதுகாப்பு. அறுந்த மின்கம்பி கிடந்தால் தொடாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் மெயின் சுவிட்ச்சை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போட வேண்டும்.

2. துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள். வீடு சேறும் சகதியுமாக இருக்கும்போது உடனே கழுவிவிடத்தான் மனம் போகும். ஆனால் கழுவிவிட்டால் ஆதாரமும் போய்விடும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, பறந்துபோன ஓடு, விழுந்த மரம், மூழ்கிய பொருட்கள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று எனப் படம் எடுங்கள்.

3. அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். போனில் சொன்னாலும் மின்னஞ்சலோ செயலி வழிப் பதிவோ ஒன்று இருக்கட்டும். கிளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் அவசியம்.

4. சேதம் பெருகாமல் தடுங்கள். கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவது, உடைந்த ஜன்னலை அடைப்பது போன்ற தற்காலிக வேலைகளைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். பில்லை வாங்கி வையுங்கள். நிரந்தர ரிப்பேரை மட்டும் ஆய்வு முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

5. கெட்டுப்போன பொருளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆய்வாளர் பார்க்கும்வரை ஓரமாக வைத்திருங்கள். நாற்றமெடுத்து வைக்க முடியாத மெத்தை போன்றவை என்றால், படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

சர்வேயர் வரும்போது

இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்றவர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 நெறிமுறைப்படி, தகவல் தந்த 24 மணி நேரத்துக்குள் இவரை நியமிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

அவர் வரும்போது சேதப் பட்டியல், பழைய வீடியோ, புதிய படங்கள், மேஸ்திரியிடம் வாங்கிய செலவு மதிப்பீடு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மதிப்பீடு மொத்தமாக ‘ரிப்பேர் ₹2 லட்சம்’ என்று இருந்தால் போதாது. ஓடு எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று பிரித்து இருக்க வேண்டும். அவர் வந்த தேதி, பெயர், கேட்ட ஆவணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள்; இல்லாத பொருளைச் சேர்த்தால் உண்மையான இழப்பும் கேள்விக்குள்ளாகும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எங்க வீட்டுக்கு பேங்க் லோன் இருக்கு. இன்சூரன்ஸும் சேர்த்துதான் போட்டாங்கன்னு சொன்னாங்க. அது போதுமா?*
கடன் கொடுத்த கிளையில் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருந்தால், சுவர் இடிந்ததற்கு உதவாது. கட்டடத்துக்கு மட்டும் இருந்தால் பொருட்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

*நாங்க வாடகைக்கு இருக்கோம். நாங்களும் எடுக்கலாமா?*
எடுக்கலாம். வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் பாலிசி உண்டு.

*புயல் வருதுன்னு சொன்னதும் எடுத்துக்கலாம்ல?*
அதுவரை காத்திருக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே எடுப்பதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே நடந்த சேதத்துக்குப் புதிய பாலிசி எதுவும் தராது.

*கேட்டதை விட ரொம்ப குறைவா தர்றாங்க. என்ன செய்யறது?*
எந்த விதியின்படி குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் தாளில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். அங்கே தீரவில்லை என்றால் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ 155255 அல்லது 1800 4254 732 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். அதன் பிறகும் தீர்வு இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ₹50 லட்சம் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் உண்டு.

இன்றே செய்ய வேண்டியவை

* வீட்டுக்குப் பாலிசி இருக்கிறதா, எதற்கு இருக்கிறது, எப்போது முடிகிறது என்று பாருங்கள்.
* வீட்டை ஒருமுறை வீடியோ எடுத்து, வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.
* 1070, 1077, 94987 94987, 155255 ஆகிய எண்களைப் போனில் சேமியுங்கள்.
* வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பாலிசி எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். புயல் அன்று வீட்டில் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாது அல்லவா?