மொட்டை மாடியும் கோடை வெப்பமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்து நண்பகலில் கதிரவன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். ஆகவே வீட்டில் மிகுதியான வெயிலை ஏற்பது மொட்டை மாடியே. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்தபின் அவ்வெப்பத்தைக் கீழறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அனற்காற்றையே சுழற்ற, முதியோர் உறக்கமின்றித் தவிக்கின்றனர். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தமை நாம் அறிந்ததே.

உடனே ஏர்கண்டிஷனர் வாங்கிவிடுகிறோம். அது மின்கட்டணத்தை ஏற்றுவதுடன், நம் அறையின் வெப்பத்தை அண்டை வீட்டார் பக்கம் தள்ளுகிறது.

பழைய முறையில், தளத்தின்மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து கனமாக இட்டு, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதிப்பர். (சில ஊர்களில் சுண்ணச் சாந்தில் முட்டை சேர்ப்பதுண்டு; அது நமக்கு வேண்டா.) ஜல்லியின் நுண்துளைகளில் தங்கும் காற்று, வெப்பம் இறங்குவதைத் தடுத்துத் தாமதப்படுத்தும். இன்று செலவைச் சுருக்குவோர் முதலில் கைவிடுவது இதனையே!

கட்டி முடித்த வீட்டிற்கும் வழியுண்டு. பங்குனியில் மாடியைக் கழுவி, சுண்ணாம்பை இருமுறை பூசுக. வெண்மை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐயமுள்ள பிள்ளைகள், ஒரே அளவான இரண்டு ஓடுகளுள் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, இரண்டையும் வெயிலில் வைத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்க்கட்டும். ஏர்கண்டிஷனர் உள்ள வீட்டிலும் இப்பூச்சினால் அதன் உழைப்பு குறையும். மழையில் கரைந்துவிடுமாதலால், ஆண்டுதோறும் பூச வேண்டும்.