உபகாரச் சம்பளத்திற்குப் பின்

உத்தியோகம் வேண்டி ஒரு மனுவும் எழுதியிராத மாணாக்கராகிய நாம், உத்தியோகத்தினின்று விலகிய பின் செய்யத்தக்கவற்றை ஆராய்வது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அது முதுமையில் தொடங்கும் காரியமன்று என்பதற்கு இம்மதுரை மாநகரிலேயே சான்றுண்டு.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரஸாயனம் கற்று 1938-இல் பட்டம் பெற்றவர். பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சி பெறுவதே அவர் நோக்கம். இராணுவ சேவைக் காலத்தில் தாக்கிய முடக்குவாதமோ கைவிரல்களைக் கோணச் செய்துவிட்டது. அதன்பின் கண் வைத்தியத்தைக் கற்று, அவ்விரல்களைக் கொண்டே ரண சிகிச்சை செய்யப் பழகினார். மதுரை வைத்தியக் கல்லூரியில் கண் வைத்தியத் துறைத் தலைவராயிருக்கையில், நோயாளரைத் தேடிக் கிராமங்களிற் சிகிச்சை முகாம்கள் நடத்தினார்.

1976-இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அரசாங்கம் அவருக்கு ஓய்வளித்தது. அவ்வாண்டே அரவிந்தர் பெயரால் பதினொரு படுக்கைகள் கொண்ட கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆறு படுக்கைகள் பணம் கொடுக்க இயலாதார்க்கு. எஞ்சியவை கொடுக்க வல்லார்க்கு. மூலதனத்தின் பொருட்டு வீட்டை ஈடு வைக்க நேர்ந்தது. கண் வைத்தியராகிய தங்கையும் அவர் கணவரும் உடனுழைத்தனர்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது யாது? ஓய்வுக்குத் திட்டமிடுவதென்றால் பொருள் சேர்ப்பதே என்பர் பலர். பொருள் வேண்டற்பாலதே, கடன்பட்ட முதியவர்க்கு ஓய்வேது? ஆனால் இவர் சேர்த்து வைத்திருந்த முதல் வேறு. பல்லாண்டு பழகிய தொழில் ஒன்று. முகாம்களிற் கண்ட கிராமத்தாரின் குறை மற்றொன்று. இவற்றினும் பெரிது, தம்மோடு உழைக்க இசைந்த இளையோர் கூட்டம். இவை ஓய்வு பெற்ற மறுநாள் கிடைப்பனவல்ல. ஆஸ்பத்திரி புதிதேயன்றி, அங்கு நடந்த வேலை புதிதன்று.

விழியினுள் வைக்கும் வில்லைகள் அயல்நாட்டினின்று மிக்க விலைக்கு வந்த காலத்தில், அவற்றை மதுரையிலேயே குறைந்த செலவிற் செய்யும் ஆரோலாப் 1992-இல் நிறுவப்பெற்றது. அப்பொழுது அவர் எழுபதைக் கடந்தவர். எண்பத்தைந்தாம் வயதில் யோசுவாவிடம் மலைநாட்டைக் கேட்ட காலேப் நம் நினைவுக்கு வருகின்றார்.

எல்லாரும் ஆஸ்பத்திரி நிறுவ இயலுமோ எனின், இயலாதுதான். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ வாழும் ஓய்வுபெற்ற குமாஸ்தா, எழுத்தறியாதார்க்கு மனு எழுதிக் கொடுக்கலாம். தாலுகா ஆபீஸ் நடைமுறையை அவரினும் நன்கறிந்தவர் யார்? அவ்வூரார் அவரைத் திண்ணையில் தேடி வரவேண்டுமாயின், உத்தியோகத்தில் அமர்ந்திருந்த நாளிலேயே அவர்களை முகங்கொடுத்து வரவேற்றிருத்தல் வேண்டும்.