ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றி: ரைபிள் வேட்டையும் பயிர்க் காவலும்

மலைநாட்டுக் குடியானவனுக்கு மழை பொய்ப்பது ஒரு துன்பமென்றால், விளைந்த பயிர் வீடு வந்து சேராமற் போவது அதனினும் பெருந்துன்பமாகும். ஜவ்வாது மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் சரிவுகளிலே சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு ஜீவிக்கின்றனர். கதிர் முற்றும் பருவத்தில் ஒரு பன்றிக்கூட்டம் இரவில் கொல்லைக்குள் புகுமாயின், அது தின்பதைக் காட்டிலும் மிதித்தும் கிளறியும் பாழாக்குவதே அதிகம். ஆகவே இப்பிராணியின் குணங்களையும், அதனை எதிர்க்கும் முறைகளையும் ஒவ்வொரு குடியானவனும் அறிந்திருத்தல் அவசியம்.

இந்தப் பகை மிகப் பழமையானது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரங்களில், பன்றியோடு பொருது மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் காணப்படுகின்றன. அவற்றைப் ‘பன்றி குத்திப்பட்டான் கல்’ என்பர். ஊரார் கல் நட்டுப் போற்றியதிலிருந்தே அப்போர் எத்துணை அபாயமுடையது என்பது விளங்கும்.

பெரிய பன்றியின் இயல்பு

பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாக வாழும். சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம். வயது முதிர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்தே திரியும். அது 100 கிலோகிராமுக்கு மேலும் எடையுள்ளதாக வளரும். கீழ்க் கோரைப்பற்கள் மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து கத்திபோற் கூர்மையாகும். தோளின்மேல் தோல் தடித்துக் கேடயம்போல் இறுகியிருக்கும்.

இதன் கண்பார்வை மந்தம். ஆனால் மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. அசையாது நிற்கும் மனிதனை அருகிலும் அது கவனியாது போகலாம்; அவன்மேற் பட்டு வரும் காற்றையோ தூரத்திலேயே உணர்ந்துகொள்ளும். ஒருமுறை துன்புற்ற பன்றி அவ்வழியை விட்டு வேறு வழியாக, நள்ளிரவுக்குப் பின் வரும். அகன்று முனை மழுங்கிய குளம்படியும், சேறாடியபின் மரத்தில் உடம்பைத் தேய்த்த சேற்றுத் தடத்தின் உயரமும், வந்தது பெரிய ஆண் என்பதைக் காட்டும்.

ரைபிள் வேட்டையின் முறை

பிரிட்டிஷ் ஆட்சியில் 1912-ஆம் வருஷத்து வனப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பன்றி சேர்க்கப்படவில்லை. எனினும் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டியிருந்தது. லைசென்சு பெற்ற தேர்ந்த வேட்டைக்காரர் முதலில் ஆராய்ந்தது துப்பாக்கியையன்று, காற்றையே. மலைச்சரிவில் பகல் வெயிலில் காற்று மேல்நோக்கி ஏறும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கீழ்நோக்கி இறங்கும். ஆதலால் மேற்காட்டிலிருந்து பன்றி இறங்கும் கொல்லையில், இரவுக்குரிய பரணைக் கீழ்ப்புறத்தில் அமைப்பர். புகையிலையும் பேச்சும் பரணில் விலக்கப்படும்.

நாட்டுத் துப்பாக்கியின் சிறு ரவைகள் தடித்த தோலில் தங்கிப் பன்றியைக் காயப்படுத்துவதோடு நின்றுவிடும். ரைபிளின் குழாயில் உட்புறம் புரி வெட்டியிருப்பதால் குண்டு சுழன்று நேரே செல்லும், ஆழமாகவும் பாயும். பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டிப் பின்னே, மார்பின் கீழ்ப்பாகத்தில் குறி வைப்பது முறை. இருதயம் அங்கே தாழ்ந்து இருக்கிறது. ரைபிள் குண்டு நெடுந்தூரம் செல்லுமாகையால், மேலிருந்து கீழே, மண்ணை நோக்கியே சுடவேண்டும். ஓசை கேட்ட இடத்தில் உருத்தெரியாமற் சுடுவது மனிதக் கொலைக்கும் காரணமாகும். அடிபட்டுப் புதரில் மறைந்த பன்றியை உடனே பின்தொடர்தல் கூடாது; அது திரும்பிப் பாயும். குட்டியோடிருக்கும் பெட்டையைச் சுடாமை நல்ல வேட்டைக்காரரின் தருமம்.

இன்றைய சட்டம்

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் குடியானவன் தன்னிச்சையாகப் பன்றியைச் சுடுதல் குற்றமாகும். 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆயினும் பயிருக்கோ உயிருக்கோ அபாயம் விளைக்கும் பன்றியை அகற்ற உத்தரவளிக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ இடமில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளரே சுடலாம். ஜவ்வாது மலைமேலுள்ள ஊர்கள் பல காட்டின் ஓரத்திலேயே இருத்தலின், அங்கே சுடும் வழி பெரும்பாலும் பயன்படாது. அடிவாரச் சமவெளியில் காட்டிற்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்கே அது அனுகூலமாகும். மலையூர்களுக்குக் காவலும் வேலியுமே துணை.

விலக்கத் தக்கவையும் செய்யத் தக்கவையும்

மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து வேலியில் விடுதல் கொடிய பிழையாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகில் இத்தகைய வேலியில் 3 யானைகள் மாண்டன. 2 குட்டிகள் தாயை இழந்து நின்றன. பன்றிக்கென்று கட்டும் கம்பி, இருளில் வரும் அயலானையும் சொந்தப் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது. தின்பண்டத்தில் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் அவ்வாறே. அதைக் கடித்த மாடும் யானையும் வாய் சிதைந்து வாடிச் சாகும்.

சூரிய சக்தியால் இயங்கும் மின்வேலியோ விட்டு விட்டு அதிர்ச்சி தரும், உயிரைப் போக்காது. 2023-ஆம் வருஷத்து விதிகளின்படி அதைப் பதிவு செய்து அமைக்கவேண்டும். அண்டைக் கொல்லைக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரே சுற்றாக அமைத்தால் செலவு குறையும். கதிர் முற்றும் வாரங்களில் முறைவைத்துப் பரணில் காவலிருத்தலும், கொல்லையோரப் புதரை வெட்டி வெளியாக்குதலும் பழைய வழிகளாயினும் இன்றும் பலனுள்ளவை. சேதம் நேரின், பொழுது விடிந்ததும் குளம்படி அழியுமுன் வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்து, இழப்பீட்டுக்கு மனுச் செய்தல் வேண்டும்.

முன்னாளில் பரணில் ரைபிளோடு இருந்தவன் வெற்றிபெற்றது காற்றையும் தடத்தையும் அறிந்த அறிவினால். அந்த அறிவுக்கு லைசென்சு வேண்டுவதில்லை. பன்றி வரும் வழியையும் வேளையையும் ஊரார் கூடி ஆராய்ந்து, முதற்கதிர் தோன்றுமுன்னரே வேலியையும் காவலையும் அமைத்துக்கொள்வார்களாக.